புதுப்பிப்பு: கொழும்பில் சைவம், ஹலால், லம்பிரைஸ் – எங்கே சாப்பிட்டோம்

மட்டக்களப்பிலிருந்து இரவு ரயிலில் கொழும்பு போகிறோம், அம்மா சுத்த சைவம், கூட வரும் காத்தான்குடி நண்பருக்கு ஹலால் வேண்டும், எனக்கு லம்பிரைஸ் (பறங்கியரின் வாழையிலைச் சோற்றுப் பொதி) ஆசை, எங்கே போகலாம் என்று கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லோருக்கும் நன்றி. போய் வந்தாயிற்று.

காலைச் சாப்பாட்டுக்கு வெள்ளவத்தை என்ற யோசனைதான் சரியாக வந்தது. கொழும்பு கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கி, கரையோர ரயிலிலேயே போய்விட்டோம். காலி வீதிச் சைவக் கடையில் இடியப்பமும் சொதியும் வந்த பிறகுதான் அம்மா முகம் தெளிந்தது.

லம்பிரைஸுக்குத் தும்முல்லைச் சந்தியில் உள்ள டச்சு பறங்கியர் சங்கம். இறைச்சி அவித்த சாற்றில் வெந்த சோறு, கலவை இறைச்சிக் கறி, கத்தரிக்காய் மோஜு (பொரித்துப் புளிப்பும் இனிப்புமாகச் செய்தது), இறால் பிளாச்சான் (காய்ந்த இறால் சம்பல்), உருண்டைக் கட்லட், எல்லாம் வாழையிலையில் மடித்துப் போறணையில் சூடேற்றியது. இலையைப் பிரிக்கும்போது வரும் வாசத்துக்கே காசு கொடுக்கலாம். ஆனால் பழைய முறைக் கலவையில் பன்றியும் சேரும் என்று ஒருவர் எச்சரித்திருந்தார். அது பெரிய உதவி. நண்பர் அதைத் தொடவில்லை, புறக்கோட்டையில் பிரியாணி சாப்பிட்டார்.

மாலையில் கடலோரக் காலிமுகத்திடலில் இறால் வடை. பரவாயில்லை. நம்ம ஊர் வாவி இறாலுக்கு முன்னால் அது எம்மாத்திரம்!

எதிர்பாராதது பில்தான். இரவு போன ஒரு பெரிய உணவகத்தில் 10 சதவீதம் சேவைக் கட்டணம், அதற்கு மேல் 18 சதவீதம் வாட் (பெறுமதி சேர் வரி). மெனுவில் 1000 ரூபாய் என்றிருந்தது 1298 ஆனது. விலைக்குள் வரி சேர்ந்ததா என்று ஓர்டர் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.