குண்டு அமரும் ஆழமா, வெடிமருந்தா: கைநிரப்புத் தோட்டாவில் எதை முதலில் திருத்துவது?

குழல்நேசன்:
சுடும் களத்தில் நான் அடிக்கடி காணும் ஒரு பழக்கத்தை மறுத்து எழுதவே இந்த இழையைத் தொடங்குகிறேன். 6.5 கிரீட்மூர் என்னும் தோட்டா வகையைச் சுடும் ரைஃபிளுக்குத் தாமே தோட்டா நிரப்பும் நண்பர்கள், குறி சிதறியதும் புதிய வெடிமருந்து டப்பாவைத் தேடிக் கடைக்குப் போகிறார்கள். குண்டு உறைக்குள் எவ்வளவு ஆழத்தில் அமர்ந்திருக்கிறது, அதன் வளைவு குழலின் வரிமேடுகளை (குண்டைச் சுழற்ற உட்புறம் திருகிச் செல்லும் வரிகளுக்கு இடையிலான மேடுகளை) தொடுவதற்கு எவ்வளவு தூரம் தாவ வேண்டியிருக்கிறது என்பதை அளந்து பார்ப்பதே இல்லை. அளப்பவர்களும் குண்டின் நுனியிலிருந்து அளக்கிறார்கள். ஒரே பெட்டியிலிருந்து எடுத்த பத்துக் குண்டுகளை காலிப்பர் என்னும் நுண்ணளவுக் கருவியில் வைத்துப் பாருங்கள். நுனிகள் ஒன்றுக்கொன்று சில ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் வேறுபடும். வரிமேட்டைத் தொடப்போவது நுனி அல்ல, வளைவு வரிமேடுகளுக்கு இடையிலான விட்டத்தை எட்டும் இடம். அங்கிருந்து அளந்தால்தான் தாவல் தூரம் தெரியும். நீண்ட கூர்நுனிக் குண்டுகளை 0.040 அங்குல இடைவெளிகளில் ஆழம் மாற்றிச் சோதித்தபோது, மருந்தில் ஒரு கிரெயின்கூட (மருந்தையும் குண்டையும் நிறுக்கும் சிறு எடையலகு) மாற்றாமல் என் குறிக்கூட்டம், அதாவது துளைகள் சிதறும் பரப்பு, பாதியாகச் சுருங்கியது.

நீலகிரிக்காரன்:
நண்பர் சொல்லும் அளவுமுறை சரிதான். ஆனால் மருந்தை இரண்டாம் இடத்தில் வைப்பதை ஏற்க முடியவில்லை. நான் பிறந்து வளர்ந்தது நீலகிரியின் அருவங்காட்டில். 1903-இல் அங்கே தொடங்கிய ஆலை தயாரித்த கார்டைட் என்னும் புகையற்ற வெடிமருந்தின் வரலாறே எனக்குப் போதிய சான்று. 1888-இல் வந்த லீ-மெட்ஃபோர்டு ரைஃபிள் கரிமருந்துக்காக அமைந்தது. அதன் வரிகள் ஆழமற்றவை, விளிம்பு மழுங்கியவை. 58 விழுக்காடு நைட்ரோகிளிசரின் கொண்ட கார்டைட் வந்ததும் அதன் வெப்பம் அந்த வரிகளை அரித்துத் தின்றது. எனவே ஆழமான வரிகளோடு லீ-என்ஃபீல்டை 1895-இல் கொண்டுவந்தார்கள்; பின்னர் மருந்திலும் நைட்ரோகிளிசரினை 30 விழுக்காடாகக் குறைத்தார்கள். .303 என்னும் குழல் விட்ட அளவு மாறவில்லை, மருந்து மாறியது, அதற்காகக் குழலையே மாற்ற வேண்டியிருந்தது.

இன்று நான் கொலராடோவில் சுடுகிறேன். ஜனவரிப் பனியில் பொறுமையாகத் தேர்ந்தெடுத்த ஒரு மருந்தளவை, வெப்பத்தால் வேகம் எளிதில் மாறும் உருண்டை மணி மருந்தில் நிரப்பி, ஜூலை வெயிலில் சுட்டேன். மூன்றாம் சுடுகையில் போல்ட் (குழலின் பின்புறத்தை மூடும் தண்டு) இறுகியது. உறையைக் கழற்றிப் பார்த்தபோது உறையின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் தட்டையாகி, ஓரம் வழிந்திருந்தது; அழுத்தம் மிகுந்துவிட்டதன் அடையாளங்கள் இவை. அன்று மிச்சமிருந்த அத்தனை தோட்டாக்களையும் பிரித்துப்போட்டேன். எந்த ஆழத்தில் குண்டை அமர்த்தியிருந்தாலும் அந்த நாளை அது காப்பாற்றியிருக்காது.

அளவுகோல்:
இருவரிடமும் ஒரே கேள்விதான்: எத்தனை சுடுகைகளை வைத்துப் பேசுகிறீர்கள்? மூன்று துளைகளைக் கொண்டு ஓர் ஆழம் மற்றொன்றைவிட நல்லது என்று சொன்னால், அது பெரும்பாலும் தற்செயல். அதே ஆழத்தில் இன்னொரு மூன்றைச் சுட்டால் முடிவு தலைகீழாகக்கூடும். ஒவ்வொரு ஆழத்துக்கும் இருபது சுடுகையாவது வேண்டும். குறிக்கூட்டம் பாதியானதாக நண்பர் குழல்நேசன் கண்டது அப்படிச் சுட்ட பிறகும் நிற்கிறதா?

இன்னொன்று, எந்தத் தொலைவுக்காக இந்த வாதம்? 100 கெஜத்தில் நொடிக்கு 20 அடி வேக வேறுபாட்டை யாராலும் காண முடியாது. 1000 கெஜத்தில் அதே வேறுபாடு, 140 கிரெயின் 6.5 குண்டை ஏறத்தாழ அரையடி கீழே இறக்கிவிடும். அங்கே வேகத்தைச் சீராக வைத்திருக்கும் மருந்துக்கே என் வாக்கு.

குழல்நேசன்:
ஒப்புக்கொள்கிறேன், நான் சுட்டவை ஐந்தைந்துதான். இருபது இருபதாகச் சுட்டுவிட்டு இதே இழையில் பதிவிடுகிறேன். ஆனால் ஆழம் துல்லியத்தை மட்டும் தொடும் காரியம் அல்ல என்பதை நண்பர்கள் விட்டுவிடுகிறார்கள். குண்டு வரிமேட்டைத் தொட்டுக்கொண்டே இருந்தால், அது நகரத் தொடங்கும் முன்பே அழுத்தம் ஏறிவிடுகிறது. மிக ஆழமாக அமுக்கினால், குறிப்பாகச் சிறிய உறைகளில், மருந்து எரியும் இடம் குறைந்து அப்போதும் அழுத்தம் ஏறுகிறது. 6.5 கிரீட்மூருக்கு வகுக்கப்பட்ட உச்சம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. தோட்டா நிரப்பும் கையேட்டின் மருந்தளவு அந்தக் கையேடு சொல்லும் தோட்டா நீளத்துக்கே உரியது. நீளத்தை மாற்றுகிறவர் மருந்தை மீண்டும் தொடக்க அளவுக்கு இறக்கி, அங்கிருந்து படிப்படியாக ஏற வேண்டும்.

நீலகிரிக்காரன்:
இந்த இடத்தில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். புதிதாக நிரப்பத் தொடங்குகிறவர்கள் மேலே உள்ள பத்தியை எழுதி மேசைமேல் ஒட்டிக்கொள்ளட்டும். ஆயினும் உங்கள் அளவு எவ்வளவு காலம் நிலைக்கும்? மருந்தின் தீ ஒவ்வொரு சுடுகையிலும் வரிகள் தொடங்கும் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து முன்னே தள்ளுகிறது. என் குழலில் 1,100 சுடுகைகளுக்குப் பின் அளந்தபோது வரிமேடு 0.030 அங்குலம் விலகிப் போயிருந்தது. நான் அமர்த்திய ஆழம் அப்படியே இருந்தது, தாவல் தூரம் மட்டும் மாறிவிட்டது. மாற்றியது மருந்து.

குழல்நேசன்:
அதைக் கண்டுபிடித்தது காலிப்பர். ஒவ்வொரு 200 சுடுகைக்கும் ஒருமுறை நான் அளந்து ஏட்டில் குறிப்பது இதற்காகவே. உங்கள் 1,100-க்கு இடையில் எத்தனை முறை அளந்தீர்கள் என்று எழுதுங்கள். அரிப்பு சீராகப் போகிறதா, தொடக்கத்தில் வேகமாகப் போகிறதா என்று நம் இருவரின் ஏடுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.