இஃப் வாக்கியத்தில் முதன்மைத் தொடர் எது, சார்புத் தொடர் எது?

கேள்வி (ரோஸ் ஹில், மொரீஷியஸ்): வணக்கம். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கு, ஆங்கில நிபந்தனை வாக்கியங்களில் மெயின் கிளாஸின், அதாவது முதன்மைத் தொடரின், கீழ்க் கோடிடும்படி வீட்டுப்பாடம் தந்திருக்கிறார்கள். "வீ வில் மிஸ் தி மெட்ரோ இஃப் யூ வாக் ஸ்லோலி" என்பதில், முதலில் வருவதையே அவள் சார்புத் தொடர் என்கிறாள். "ஹேட் ஐ நோன், ஐ வுட் ஹேவ் கம்" என்பதில் இஃப் என்ற சொல்லே இல்லை. எதை வைத்துப் பிரிப்பது?

பதில் (போர்ட் லூயி): காற்புள்ளிக்கு முன்னால் இருப்பது சார்புத் தொடர் என்று சொல்லிக்கொடுங்கள், போதும்.

பதில் (காத்ர் போர்ன்): போதாது, ஐயா. சார்புத் தொடர் முன்னால் வரும்போதுதான் பெரும்பாலும் காற்புள்ளி இடுவார்கள். மெட்ரோ வாக்கியத்தில் அது இல்லவே இல்லையே. அம்மா, "மெதுவாக நடந்தால் மெட்ரோவைத் தவறவிடுவோம்" என்று தமிழில் நிபந்தனையை முதலில் சொல்லியே பழகியதால், உங்கள் மகளின் கை முதற்பாதிக்குப் போயிருக்கலாம். ஆங்கிலத்தில் அது பின்னாலும் வரும் என்பதால், இடத்தைப் பார்க்காமல், இஃப், அன்லெஸ், ப்ரொவைடெட் தட் போன்ற இணைப்புச்சொல் எந்தப் பாதியின் தலையில் நிற்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்; அந்தப் பாதியே சார்புத் தொடர். அந்தச் சொல்லைக் கழற்றாமலே இரு பாதிகளையும் தனித்தனியே வாசிக்க வேண்டும்; முழு வாக்கியமாகத் தனித்து நிற்பதே முதன்மைத் தொடர். கழற்றிவிட்டால் "யூ வாக் ஸ்லோலி" என்பதும் முழு வாக்கியம்போல் நின்று ஏமாற்றிவிடும். "ஹேட் ஐ நோன்" என்பது "இஃப் ஐ ஹேட் நோன்" என்பதேதான். இஃப் விலகியதும் ஹேட் முன்னுக்கு வந்துவிட்டது. ஷுட், வேர் ஆகியவையும் இப்படி வருவதுண்டு. இஃப்பைத் திரும்பப் போட்டுப் பார்த்தால் விடை தெரிந்துவிடும்.

கேட்டவர்: மிக்க நன்றி, ஐயா. அதே தாளில் "ஐ டோன்ட் நோ இஃப் தி ஷாப் இஸ் ஓபன்" என்றும் இருக்கிறது. இதுவும் நிபந்தனைதானா?

பதில் (காத்ர் போர்ன்): இல்லை, அம்மா. கடை திறந்திருந்தால்தான் எனக்குத் தெரியாது என்று யாரும் சொல்வதில்லை. அங்கே இஃப் தொடர் நோ என்ற வினைக்குச் செயப்படுபொருளாக நிற்கிறது. இஃப்புக்குப் பதிலாக வெதர் போட்டாலும் பொருள் கெடாது, மெட்ரோ வாக்கியத்திலோ அப்படிப் போட முடியாது. பிரெஞ்சு மொழியில் சி என்ற சொல்லும் இந்த இரண்டு வேலைகளையும் செய்வதால், பள்ளியில் பிரெஞ்சு படிக்கும் பிள்ளைக்கு இது புதிதாக இராது. நிபந்தனை இல்லையென்றாலும் அது சார்புத் தொடரே. ஆகவே "ஐ டோன்ட் நோ" என்பதன் கீழ்க் கோடிடச் சொல்லுங்கள்.