புது டீசல் பிக்கப்புக்கு ‘ரன்னிங்-இன்’: தமிழ்ச்சொல் வேண்டும், திங்கள் காலைக்குள்

அம்பத்தூர்:
குழுமத்தாருக்கு வணக்கம். பிக்கப் ஓட்டுநர் கையேடு ஒன்று திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. புது டீசல் இன்ஜினைச் சுமையேற்றி ஓட்டி, பிஸ்டன் ரிங்கையும் போரையும் (சிலிண்டரின் உட்சுவர்) ஒன்றுக்கொன்று இசைய வைக்கும் தொடக்க கால ஓட்டத்துக்கு, அதாவது ரன்னிங்-இன்னுக்கு, தலைப்பு தேவை. வரைவில் ‘வெள்ளோட்டம்’ என்று இருக்கிறது. போதுமா?

மயிலாப்பூர்:
போதாது. தேர் வெள்ளோட்டம் என்றால் சுவாமியை ஏற்றாமல் வெறுந்தேரை இழுத்துப் பார்ப்பது. உங்களுக்கு வேண்டியது நேர் எதிர். ‘வயக்கோட்டம்’ என்று வையுங்கள். காளையை வயக்குவது (பழக்குவது), கரம்பை வயக்குவது (பண்படுத்துவது) எல்லாம் நம் சொல்தான். ‘வய வலியாகும்’ என்கிறது தொல்காப்பிய உரியியல். வலிமை ஏற்றும் ஓட்டம் என்றும் பொருள் கொள்ளலாம்.

கிண்டி:
வயக்கு என்பதற்கு ஒளிரச் செய் என்றும் பொருள் உண்டே ஐயா. கலித்தொகையின் ‘வயக்குறு மண்டிலம்’ ஞாயிறுதானே? இங்கே ஆபத்தே அந்தப் பளபளப்புதான். ஹோனிங் போட்ட, அதாவது சாணைக்கல்லால் உட்புறம் தேய்த்துச் சீராக்கிய, போரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள் இருக்கும். எரியும் வாயு ரிங்கின் பின்புறம் புகுந்து அதைச் சுவரோடு அழுத்தும்போதுதான் அந்தக் கீறல் முகடுகள் தேய்ந்து ரிங் உட்காரும். சுமை இல்லாவிட்டால் அந்த அழுத்தம் போதாது. ரிங் வழிக்காமல் விட்ட ஆயில் சூட்டில் கருகி, வார்னிஷாகப் படிந்து கீறல்களை அடைத்துவிடும். ‘போர் க்ளேஸ் ஆயிடுச்சு’ என்பது இதைத்தான். அப்புறம் வண்டி ஆயில் குடிக்கும். ஆயில் மூடியைத் திறந்தால் பேக் கம்ப்ரஷன் புகை, அதாவது ரிங்கைத் தாண்டிக் கசியும் வாயு, அடிக்கும். ஹெட்டைக் கழற்றி, மறுபடி ஹோனிங் போட்டு, புது ரிங் மாட்ட வேண்டிவரும். ஏசி ஓடட்டும் என்று புது வண்டியை நின்ற இடத்திலேயே மணிக்கணக்கில் ஐடிலிங்கில் விடுவது இந்தக் கேட்டில்தான் நேராகக் கொண்டுபோய் விடும்.

பெரம்பூர்:
தோசைக்கல்லைப் பழக்குகிறோம். இன்ஜினையும் பழக்குவோம். ‘பழக்கோட்டம்’. ஓட்டுநருக்கு விளக்கவே வேண்டாம்.

மயிலாப்பூர்:
வள்ளுவர் கோட்டத்துக்குப் பக்கத்தில் பழக்கோட்டமா? கோயம்பேட்டு ஆப்பிள் பெட்டிகள்தான் நினைவுக்கு வரும். தவிர, பழக்கு பிறவினை. ரிங் தானே அமர்கிறது. தன்வினையில் ‘பழகோட்டம்’ என்பதே இலக்கணம்.

பெரம்பூர்:
தானே அமர்ந்துவிடும் என்றால் கையேடு எதற்கு ஐயா? பழக்குகிறவர் ஓட்டுநர்.

வில்லிவாக்கம்:
எங்கள் பக்கம் மண்சட்டியை ‘வசக்குவது’ என்போம். ‘வசக்கோட்டம்’?

மயிலாப்பூர்:
வசம் வடசொல்.

வில்லிவாக்கம்:
அப்படியானால் உங்கள் வயக்குக்கு அடியில் இருக்கும் வயம் மட்டும் எங்கிருந்து வந்ததாம்?

மட்டுறுத்துநர்:
வசம், வயம் எது முந்தியது என்பதற்குத் தனி இழை தொடங்குங்கள். மேலும் வந்த ஆறு மடல்களை அங்கே நகர்த்தியாயிற்று.

ராயபுரம்:
பட்டறையில் ரன்னிங்-இன் தான். அந்தக் காலத்து வண்டிகளில் பின்கண்ணாடியிலேயே எழுதி ஒட்டியிருப்பார்கள். தலைப்பு எதுவானாலும் சரி, கீழே என்ன எழுதப் போகிறீர்கள்? ‘அதிகச் சுமை’ என்று மட்டும் போட்டால் முதல் நாளே ஓவர்லோடு அடிப்பார்கள். கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) சூடேறும்வரை அழுத்தி மிதிக்கக் கூடாது. பிறகு அனுமதித்த சுமையில் பாதி, போகப்போக முக்கால். ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று) 1,500க்கும் 2,500க்கும் நடுவில், ஒரே வேகத்தில் பிடிக்காமல் ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும். மேம்பாலம் ஏறும்போது டாப் கியரிலேயே இடிக்க விடுவது இன்னும் மோசம். வேகம் குறைந்து பாரம் கூடினால் பேரிங்கில் ஆயில் படலம் மெலிந்துவிடும். ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கைத் தினமும் பார்க்கச் சொல்லுங்கள். ரிங் உட்காரும்வரை ஆயில் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும்.

இன்னொரு சிக்கல். இன்ஜின் சுமை கேட்கிறது, பின் ஆக்சில் வேண்டாம் என்கிறது. அதிலுள்ள கிரௌன், பினியன் என்ற பல்சக்கரங்களின் புதுப்பற்கள் உரசிச் சூடாகும். கியர் ஆயில் அளவுமீறிச் சூடேறினால் பல் முகமே கெடும். பல அமெரிக்க பிக்கப் கையேடுகள் முதல் 500 மைலுக்கு, அதாவது சுமார் 800 கி.மீ.க்கு, டிரெய்லர் இழுக்காதே என்பதில் இந்தக் காரணமும் சேர்ந்திருக்கிறது. ஒரே தலைப்பின் கீழ் இரண்டையும் போட்டால் படிப்பவர் குழம்புவார்.

அம்பத்தூர்:
இதுவரை வந்த வாக்குகள்: பழக்கோட்டம் 5, ரன்னிங்-இன் 3, வயக்கோட்டம் 1. தலைப்பில் பழக்கோட்டம், முதல் வரியில் ரன்னிங்-இன். ‘அதிகச் சுமை’யை ‘அளவான சுமை’ என்று மாற்றிவிட்டேன். ஆக்சிலுக்குத் தனிப் பத்தி. நேரமில்லை, மன்னிக்கவும்.

மயிலாப்பூர்:
அந்த ஒன்று நான்தான். மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ‘பழக்கு ஓட்டம்’ என்று இடைவெளி விட்டாவது அச்சிடுங்கள், பழக்கடை ஆகாமல் இருக்கும்.

கிண்டி:
புது பிரேக் லைனிங்கும் டிரம்மோடு பழக வேண்டும். அதுவரை முழுப்பிடி கிடைக்காது. கையேட்டில் அந்தப் பத்தியும் உண்டல்லவா? அதற்கும் ‘ஓட்டம்’ தானா?