ரூபாட்டோவுக்குத் தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

கட்டைவிரல், திங்கள் காலை:

எல்லோருக்கும் வணக்கம். பியானோ பாடக் காணொளித் தொடர் ஒன்றுக்குத் தமிழில் வசனவரி எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டு மாட்டிக்கொண்டேன். வெள்ளி மாலைக்குள் கோப்பு போக வேண்டும். தொடர் முழுக்க ஒரே உருப்படிதான், இசையமைப்பாளர் ஷோப்பனின் ஃபான்டசி இம்ப்ராம்ப்டூ. 1834இல் எழுதிவிட்டு அச்சுக்குக் கொடுக்காமலே வைத்திருந்தார். வெளிவராத கையெழுத்துப் படிகளை எரித்துவிடச் சொல்லிவிட்டு 1849இல் இறந்தார், நண்பர் ஃபோன்டானா அதைக் கேட்காமல் 1855இல் வெளியிட்டார். அவர் சொன்னபேச்சு கேட்டிருந்தால் எனக்கு இந்த வேலையும் இல்லை, விரல்வலியும் இல்லை (நானும் இதே பாடங்களைப் பார்த்துத்தான் பழகுகிறேன்).

இரண்டு இடத்தில் சொல் வேண்டும். ஒன்று, வலக்கை நான்கு சுரம் வாசிக்கும் நேரத்துக்குள் இடக்கை மூன்று வாசிப்பது. வேகமான பகுதி முழுக்க இப்படித்தான் ஓடுகிறது. இன்னொன்று ரூபாட்டோ. நடுவில் டி ஃபிளாட் மேஜர் என்ற சுரவரிசைக்குப் போய் நிதானமாகப் பாடுகிற பகுதி வருமே, அங்கே ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் வாசித்தால் தூக்கம் வந்துவிடும் என்பதால், ஒரு சுரத்தில் கொஞ்சம் கூடுதலாக நின்றுவிட்டு அடுத்த சுரங்களில் அந்த நேரத்தை ஈடுகட்டச் சொல்கிறார் ஆசிரியர். இத்தாலியச் சொல், 'திருடப்பட்ட' என்று பொருள். 'திருடிய காலம்' என்று போட்டுப் பார்த்தேன், துப்பறியும் நாவல் தலைப்பு மாதிரி இருக்கிறது. வசனவரி என்பதால் சொல் நீளக் கூடாது, வினையாகவும் வர வேண்டும். 'இங்கே ரூபாட்டோ செய்யாதே' என்று அவர் அடிக்கடி சொல்கிறார்.

திஸ்ரம், திங்கள் பகல்:

அக்கா, முதலாவதுக்கு விவாதமே வேண்டாம். நான்குக்கு மூன்று. இடக்கையில் தகிட தகிட, வலக்கையில் தகதிமி தகதிமி, முதல் எழுத்து மட்டும் சேர்ந்து விழும். மிருதங்கம் கற்றவர்களுக்கு இது பழகிய சங்கதி. பன்னிரண்டாகப் பிரித்துக் கணக்குப் போடலாம்தான், ஆனால் கணக்கு காகிதத்தோடு சரி, இரண்டு கையும் தனித்தனியே தானாக ஓடும்வரை சேர்க்கவே கூடாது. உங்கள் ஆசிரியரும் அதைத்தான் சொல்வார் என்று நினைக்கிறேன்.

ரூபாட்டோவை ரூபாட்டோ என்றே விட்டுவிடுங்கள். பியானோ கற்கிறவன் அச்சுத்தாளில் அந்தச் சொல்லைத்தான் பார்க்கப்போகிறான்.

பறம்பு, திங்கள் மாலை:

தம்பி சொன்னதில் முன்பாதி சரி. பின்பாதியை ஏற்பதற்கில்லை. எல்லாவற்றையும் 'என்றே விட்டுவிடுங்கள்' என்றால் நாம் எதற்கு ஒரு குழு வைத்து மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருக்கிறோம்? மேலும் தமிழில் ரகரம் மொழிக்கு முதலில் வராது. ஒலிபெயர்த்தே ஆக வேண்டுமென்றால் உரூபாட்டோ.

திஸ்ரம், திங்கள் இரவு:

உரூபாட்டோ என்று போட்டால் எத்தனை உரூபாய் என்று கேட்பார்கள் ஐயா.

தேரிமணல், திங்கள் நள்ளிரவு:

சிரிப்பதை நிறுத்திவிட்டு அந்த உகரத்தைக் கவனியுங்கள். இத்தாலியத்தில் வினை 'ரூபாரே'. நம்மிடம் உருவுதல்! 'சட்டைப்பையிலிருந்து பர்ஸை உருவிட்டான்' என்று இன்றும் சொல்கிறோம், பொருளும் அதே பொருள். உருவு, ருவு, ரூபு. வகரத்துக்கும் பகரத்துக்கும் இடையில் ஓர் உதட்டசைவுதான் தூரம். நம் வீட்டுப் பொருள்தான் வெளியூர் போய்த் திரும்பி வந்திருக்கிறது. உருவுகாலம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

வெண்பாப்பித்தன், செவ்வாய் காலை:

தேரியாரே, ரூபாரே ஜெர்மானிய மூலத்திலிருந்து இத்தாலியத்துக்குப் போனது. ஆங்கிலத்தின் 'ராப்', ஜெர்மனின் 'ரௌபென்' எல்லாம் ஒரே குடும்பம். நீதிபதி போடுகிற 'ரோப்'கூட அங்கிருந்து வந்ததுதான், முதலில் கொள்ளையில் கிடைத்த உடை என்று பொருள். இதில் உருவுதலுக்கு இடமில்லை. தவிர, 'உருவுகாலம்' என்றால் உருவம் எடுக்கும் காலம் என்றுதான் முதலில் படிப்பார்கள்.

திருட்டுதான் வேண்டுமென்றால் களவு இருக்கிறதே. களவுத்தாளம். பிறகு பழைய வேகத்துக்குத் திரும்பு என்று அச்சுத்தாளில் 'ஆ டெம்போ' போட்டிருப்பார்களே, அதற்குக் கற்பு. களவில் தொடங்கிக் கற்பில் முடிவது நம் அகமரபு, ஷோப்பனும் ஏறக்குறைய அப்படித்தான்.

தேரிமணல், செவ்வாய் காலை:

சரி, ஜெர்மானியத்துக்கு எங்கிருந்து வந்தது?

மட்டுறுத்துநர், செவ்வாய் பகல்:

வேர்ச்சொல் ஆய்வைத் தனி இழையில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே ஒருவருக்கு வெள்ளிக்கிழமை கெடு.

பனைநிழல், செவ்வாய் இரவு (ரொறன்ரோ):

கட்டைவிரல் அக்கா, நான் பிள்ளைகளுக்குப் பியானோ படிப்பிக்கிறேன். சொல் தேடுவதற்கு முதல் ஒரு விஷயம். ரூபாட்டோ என்ற பெயரில் இரண்டு வேறு பழக்கங்கள் இருக்கின்றன, எல்லோரும் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

பழையது இது: பக்கவாத்தியம் அளவு தவறாமல் நடக்கும், மேலே பாட்டு மட்டும் பிந்தியும் முந்தியும் போகும். 1723இல் தோசி என்ற, பாட்டுப் படிப்பித்த இத்தாலியர் பாடகர்களுக்கு எழுதிவைத்தது இதைத்தான். 1777 அக்டோபரில் மொட்சார்ட் ஓக்ஸ்பர்க்கிலிருந்து தகப்பனுக்கு எழுதிய கடிதத்திலும் இதுதான் வருகிறது: நிதானமான பகுதியில் ரூபாட்டோ வாசிக்கும்போது என் இடக்கை அதற்கு ஒன்றும் அறியாது, இது இங்கே ஒருவருக்கும் விளங்கவில்லை என்ற கருத்தில் எழுதுகிறார். ஷோப்பனும் இடக்கைதான் இசைக்குழுவை நடத்துகிறவர் என்று மாணவர்களுக்குச் சொன்னதாக அவரிடம் படித்த லென்ஸ் என்பவர் எழுதிவைத்திருக்கிறார். அவருடைய பியானோவில் எப்போதும் மெட்ரோனோம் (அளவு தவறாமல் தட்டிக்காட்டும் கருவி) இருக்கும் என்று மிகுலி சொல்கிறார், அவரும் ஷோப்பனிடம் படித்தவர்.

புதியது, இரண்டு கையும் சேர்ந்தே இழுத்துப் பிறகு சேர்ந்தே ஓடுவது. இப்போது மேடையில் நாம் கேட்பது கூடுதலாக இதுதான். உங்கள் காணொளி ஆசிரியர் எதைச் சொல்கிறார்? அது தெரியாமல் சொல் வைத்தால் பிழையாகப் போய்விடும். இன்னொன்று, ஷோப்பனே 1830களின் நடுப்பகுதிக்குப் பிறகு இந்தச் சொல்லை அச்சுத்தாளில் எழுதுவதை விட்டுவிட்டார்.

என் வகுப்பில் நான் படும் பாட்டையும் சொல்கிறேன். இணைய வகுப்பில் பிள்ளை ஒரு சுரத்தில் நின்றால், ரூபாட்டோ செய்வது பிள்ளையா இணைய இணைப்பா என்று எனக்குத் தெரியாது. பதிவுசெய்த பாடங்களைப் பார்த்துப் படிக்கிற பிள்ளைகளுக்கு வேறு வியாதி. வேகத்தைப் பாதியாகக் குறைத்து, அதே நாலு தாளக் கட்டங்களை மறுபடி மறுபடி ஓடவிட்டு, ஆசிரியர் எங்கே எவ்வளவு நின்றாரோ அதை அப்படியே பிரதி எடுத்துக்கொண்டு வருகிறார்கள். விரலுக்கு அந்த முறை மிக நல்லது, நானே செய்யச் சொல்கிறேன். ஆனால் ரூபாட்டோவை அப்படி எடுத்தால் ஒவ்வொரு தரமும் ஒரே இடத்தில் ஒரே அளவு நிற்கும். அதற்குப் பேர் ரூபாட்டோ இல்லை, தாளம் தெரியாத வாசிப்பு. முதலில் மெட்ரோனோமோடு இடக்கையை மட்டும் வாசித்து, வலக்கைப் பாட்டை வாயால் பாடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கட்டைவிரல், புதன் காலை:

பனைநிழல், மிக்க நன்றி. காணொளியை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். இடக்கை அசையக் கூடாது என்று முதலில் சொல்கிறார், ஐந்து நிமிடம் கழித்து அவரே இரண்டு கையையும் சேர்த்து இழுக்கிறார்.

பறம்பு, புதன் காலை:

அம்மா பனைநிழல் எழுதியதைப் படித்ததும் எனக்குத் தொல்காப்பியம்தான் நினைவுக்கு வந்தது. கண்ணிமை நொடி என்று மாத்திரைக்கு அளவு சொன்ன அதே நூன்மரபு, கடைசி நூற்பாவில் 'அளபிறந் துயிர்த்தலும் ஒற்றிசை நீடலும் உளவென மொழிப இசையொடு சிவணிய நரம்பின் மறைய என்மனார் புலவர்' என்று முடிகிறது. இசையோடு சேரும்போது உயிரெழுத்து தன் அளவைக் கடக்கும், ஒற்றும் நீளும், அது யாழ் நூலின் பாற்பட்டது என்கிறார். அளவை வகுத்தவரே அளவு மீறும் இடத்தையும் சொல்லிவிட்டார். மேலைநாட்டார் இதைத் திருட்டு என்றார்கள், நாம் ஏன் அப்படிச் சொல்ல வேண்டும்? அளபிறத்தல். வினை வேண்டுமென்றால் 'அளபிறந்து வாசி'.

திஸ்ரம், புதன் பகல்:

ஐயா, நூற்பா அருமை, அதை நான் எடுத்துவைத்துக்கொண்டேன். ஆனால் 'அளபிறந்து' என்பதை இன்றைய பையன் திரையில் இரண்டு நொடி பார்த்தால் பாதிப் பேர் 'பிறந்து' என்று படிப்பான், மீதிப் பேர் 'இறந்து' என்று படிப்பான். கடத்தல் என்று படிக்க ஒருவனும் இருக்க மாட்டான்.

வெண்பாப்பித்தன், புதன் பகல்:

அளபெடை என்றே சொல்லலாமே, பள்ளியில் எல்லோரும் படித்ததுதான். நீட்டுவது அளபெடை, அதற்கு ஈடாகக் குறைப்பது குறுக்கம். இன்னிசை அளபெடை என்று பெயரிலேயே இசை இருக்கிறது.

பறம்பு, புதன் மாலை:

அளபெடை எழுத்தில் குறி பெற்று நிற்பது, 'கெடுப்பதூஉம்' என்று உகரத்தை எழுதியே காட்டுகிறோம். உரூபாட்டோ தாளில் எழுதப்படாத நீட்சி. இரண்டும் வேறு.

(இதற்குப் பின் குற்றியலுகரத்துக்கு அரை மாத்திரை என்பதும் ஒருவகை ரூபாட்டோதானா என்று ஏழெட்டு மடல்கள் போயின. அவற்றைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். மட்டுறுத்துநர்.)

திஸ்ரம், வியாழன் காலை:

அனாகதம் என்று யாரோ தனிமடலில் கேட்டிருந்தார்கள். சரிவராது. அதீதமும் அனாகதமும் எடுப்பைப் பற்றியவை, பாட்டு தாளத்தில் எங்கே தொடங்குகிறது என்பது. அந்த இடம் மாறாது. 'நெகிழ்நடை'யும் வேண்டாம், நடை என்றால் எங்களுக்குத் திஸ்ர நடை, கண்ட நடை. ஏற்கெனவே நான்குக்கு மூன்று ஓடுகிற உருப்படியில் நடை என்ற சொல்லை வேறு பொருளில் கொண்டுவந்தால் விபரீதம்.

நான் ஒன்று சொல்கிறேன், திட்டாதீர்கள். விட்டுப்பிடித்தல். பிடிவாதக்காரரிடம் 'கொஞ்சம் விட்டுப் பிடி' என்று சொல்வோமே, அதேதான். தாளத்தைக் கொஞ்சம் விடுகிறாய், ஆனால் கைவிடவில்லை, பிடித்துவிடுகிறாய். ஈடுகட்டுவதும் சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது. 'இங்கே விட்டுப்பிடித்து வாசி', 'இங்கே விட்டுப்பிடிக்காதே'. வினையாக வரும், யாருக்கும் விளக்கம் வேண்டாம்.

பறம்பு, வியாழன் பகல்:

இது வழக்கு, கலைச்சொல் அல்ல. நாளை ஒருவர் ஆய்வுக் கட்டுரையில் 'ஷோப்பனின் விட்டுப்பிடித்தல்' என்று எழுதினால் எப்படி இருக்கும்?

கட்டைவிரல், வியாழன் பகல்:

ஐயா, கட்டுரை எழுதுகிறவர் எழுதிக்கொள்ளட்டும். எனக்கு வேண்டியது, இரண்டு கையும் கட்டைமேல் இருக்கும்போது ஓரக்கண்ணால் பார்த்துப் புரிகிற சொல்.

தேரிமணல், வியாழன் மாலை:

நான் உருவுகாலத்தைத் திரும்பப் பெறவில்லை. ஆனால் நாளைக்குள் முடிவு வேண்டுமென்றால் விட்டுப்பிடித்தலுக்கு என் ஆதரவு. 'விடு' என்பதற்கும் ஓர் ஐரோப்பிய இனச்சொல் இருக்கிறது, அதைப் பிறகு எழுதுகிறேன்.

வெண்பாப்பித்தன், வியாழன் மாலை:

களவு எடுபடாததில் வருத்தம்தான். விட்டுப்பிடித்தலே இருக்கட்டும், தளையும் தட்டவில்லை.

கட்டைவிரல், வெள்ளி பகல்:

கோப்பை அனுப்பிவிட்டேன். முதல் தடவை வரும் இடத்தில் 'ரூபாட்டோ, அதாவது விட்டுப்பிடித்தல்', பிறகு விட்டுப்பிடித்தல் மட்டும். பறம்பு ஐயா கோபித்துக்கொள்ள வேண்டாம், ரகரத்தை மொழிமுதலில்தான் வைத்திருக்கிறேன். நான்குக்கு மூன்றும் போய்விட்டது. எல்லோருக்கும் நன்றி.

பறம்பு, வெள்ளி மாலை:

கோபம் இல்லை. என் மறுப்பைப் பதிவுசெய்கிறேன், அவ்வளவே. நான் தொகுக்கும் இசைச்சொல் பட்டியலில் அளபிறத்தல் என்றே இருக்கும்.

பனைநிழல், சனி காலை (ரொறன்ரோ):

அக்கா, பிந்தி எழுதுகிறேன். விட்டுப்பிடித்தல் எனக்கும் பிடித்திருக்கிறது, ஆனால் அது நான் சொன்ன பழைய வகைக்கு மட்டும்தான் பொருந்தும். விட்டுப் பிடிக்க வேண்டுமென்றால் அங்கே அசையாமல் நடக்கிற ஒன்று இருக்க வேண்டும், அது இடக்கை. உங்கள் ஆசிரியர் இரண்டு கையையும் சேர்த்து இழுக்கிற அந்தப் பகுதியில் விட்டது யார், பிடித்தது எதை? அந்த இடத்திலும் இதே சொல்லைப் போட்டீர்களா? போட்டிருந்தால், இடக்கையைப் பிடித்துவைக்கச் சொல்லி நான் மாரடிக்கிற பிள்ளைகள் உங்கள் வசனவரியைக் காட்டி என்னோடு வாதாடுவார்கள். என் வகுப்பில் இப்போதைக்கு ரூபாட்டோ என்றே சொல்லப்போகிறேன், முன்னால் ஓர் உகரமும் இல்லாமல்.