வேலை செய்யற இடத்துல யாராவது எடுத்தெறிஞ்சு பேசி, அது இன்னும் மனசுல உறுத்துதா? அனுபவத்தைப் பகிருங்க

கணக்குப்பிள்ளை:
மாதக் கடைசி க்ளோசிங். கணக்குப் பிரிவுல இருக்கறவங்களுக்கு அதுக்கு மேல சொல்ல வேண்டியதில்லை. ஒரு சப்ளையர் பில் ரெண்டு தடவை என்ட்ரி ஆகியிருந்தது. பிரின்ட் எடுத்துட்டு மேனேஜர்கிட்ட போனேன். "சார், இந்த பில்..."னு ஆரம்பிச்சதுமே, ஸ்கிரீன்லேர்ந்து கண்ணை எடுக்காம கையை மட்டும் வீசி, "கொடுத்ததைச் செய்ங்க, யோசிக்கறதுக்கு வேற ஆள் இருக்கு"ன்னார். மொத்த செக்‌ஷனுக்கும் கேட்டுச்சு. பக்கத்துல யாரோ டைப் அடிக்கறதை நிறுத்தி, உடனே மறுபடி அடிக்க ஆரம்பிச்சாங்க. அந்தக் கீபோர்டு சத்தம்தான் இன்னும் காதுல இருக்கு. பேமென்ட் ரெண்டு தடவை போச்சு. ஆடிட்ல மாட்டினப்ப, "முன்னாடியே ஏன் சொல்லலை?"ன்னு அதே ஆள் என்னைக் கேட்டார். இப்பல்லாம் கேட்டதுக்கு மட்டும்தான் பதில் சொல்றேன்.

நைட் டியூட்டி:
எங்க வார்டுலயும் இதேதான். ரவுண்ட்ஸ்ல பெரிய டாக்டர் ஒரு ஜூனியர் சிஸ்டரை, நோயாளியோட சொந்தக்காரங்க முன்னாடியே "இதுகூடத் தெரியாம யார் உங்களை வேலைக்கு எடுத்தாங்க?"ன்னுட்டார். அன்னிக்கு ராத்திரி, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தற சிரிஞ்ச் பம்ப் ரேட்ல அவளுக்குச் சந்தேகம். போன் கையில இருக்கு, அவர் நம்பர் ஸ்கிரீன்ல இருக்கு, அழுத்த மனசு வரலை. பக்கத்து வார்டுக்கு என்னைத் தேடி ஓடி வந்தா. பார்த்தா ஆர்டர்ல தசமப் புள்ளி இடம் மாறியிருக்கு. நானே டாக்டரைக் கூப்பிட்டுப் பேசிச் சரி பண்ணினோம். நான் அன்னிக்கு லீவுல இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சா இப்பவும் தூக்கம் வராது.

இதை ஆராய்ச்சியே பண்ணியிருக்காங்க. 2015ல் 'பீடியாட்ரிக்ஸ்' மருத்துவ இதழ்ல வந்தது. இஸ்ரேல்ல, பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுகள்லேர்ந்து 24 குழுக்கள். பயிற்சிக்காக ஒரு குறைமாதக் குழந்தை கேஸைக் கொடுத்து, சில குழுக்களை மட்டும் வெளியிலேர்ந்து வந்த நிபுணர் மட்டம் தட்டிப் பேசற மாதிரி வச்சாங்க. அந்தக் குழுக்கள் நோயைக் கண்டுபிடிக்கறதிலயும் சிகிச்சை செய்யறதிலயும் பின்தங்கினாங்க. தங்களுக்குள்ள தகவல் சொல்லிக்கறதும், உதவி கேட்கறதும் குறைஞ்சு போனதுதான் காரணம். அந்தப் பொண்ணு போனை அழுத்தாததும் அதேதான்.

டீம்லீட்:
கணக்குப்பிள்ளை, உங்க மேனேஜர் பண்ணினது சரின்னு சொல்லலை. ஆனா அன்னிக்கு அவருக்கு மேலேர்ந்து என்ன வந்துதுன்னு உங்களுக்குத் தெரியாதே? நான் முன்னாடி இருந்த கம்பெனியில கண்ணாடி ரூமுக்குள்ள டைரக்டர் போன்ல கத்தறது வெளியே வரைக்கும் கேட்கும். மேனேஜர் வெளியே வந்தார். ஸ்டோர் கீப்பர் கையெழுத்துக்காக ஒரு ஃபைலோட நின்னார். ஃபைல் பறந்துச்சு. தரையில சிதறின பேப்பரைக் குனிஞ்சு பொறுக்கினப்ப, எதுக்காக இதுன்னு அந்த மனுஷனுக்குப் புரியவே இல்லை. ஆள் குறைவு, டெட்லைன், தூக்கமில்லை. இதெல்லாம் சேர்ந்தா யாரா இருந்தாலும் எரிஞ்சு விழுவாங்க. தனி மனுஷனை மட்டும் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

முன்வரிசை:
டீம்லீட், ஒண்ணு கேட்கறேன். ஃபைலை எறிஞ்சவர் அதே அஞ்சு நிமிஷத்துல கிளையன்ட் போன் பண்ணியிருந்தா அவர் மேலயும் எரிஞ்சு விழுந்திருப்பாரா? குரல் தேனா ஒழுகியிருக்கும். பிரஷர் எல்லாருக்கும் உண்டு. அதை யார் மேல கொட்டலாம்னு மட்டும் அவங்க சரியாத் தேர்ந்தெடுக்கறாங்க. திருப்பிப் பேச முடியாதவங்க மேலதான் கொட்டுவாங்க.

நான் ரிசப்ஷன். எங்க சூப்பர்வைசர் என்னை இதுவரைக்கும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, சொடக்குதான். ஒருநாள் விசிட்டர் ஒருத்தர், அந்தச் சொடக்கைப் பார்த்துட்டு, அவரும் என்னைச் சொடக்குப் போட்டுக் கூப்பிட்டார். அதுதான் என்னால மறக்க முடியலை. கிறிஸ்டின் போராத், கிறிஸ்டின் பியர்சன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 2013ல் எழுதின கட்டுரையில, 17 துறைகள்ல 800 பேர்கிட்ட கேட்டதுல அவமரியாதைக்கு ஆளானவங்கள்ல 48 சதவீதம் பேர் வேணும்னே உழைப்பைக் குறைச்சுக்கிட்டதாச் சொல்லியிருக்காங்க. 25 சதவீதம் பேர் அந்தக் கோபத்தை வாடிக்கையாளர் மேல காட்டினதாவும் சொன்னாங்க. நஷ்டம் கம்பெனிக்கும்தான்.

பழைய யூனியன்காரன்:
மீட்டிங்ல நான் பேசும்போது எங்க ஜி.எம். போனை எடுத்து சத்தமா வீடியோ பார்த்தார். என் கதை அவ்வளவுதான். ஆனா இங்க எல்லாரும் ஒரு விஷயத்தை விடறீங்க: எழுதி வைங்க. தேதி, நேரம், சொன்ன வார்த்தை அப்படியே, கூட இருந்தவங்க யாரு. "கேவலமாப் பேசினார்"னு எழுதாதீங்க, என்ன பேசினார்னு எழுதுங்க. கோபத்துல எல்லாருக்கும் சிசி போட்டு மெயில் அனுப்பாதீங்க, கதை அதோட உங்க பக்கமே திரும்பிடும். முடிஞ்சா தனியாக் கூப்பிட்டு, "நேத்து எல்லார் முன்னாடியும் அப்படிச் சொன்னதால சொல்ல வந்ததைச் சொல்லாமத் திரும்பிட்டேன்"னு நடந்ததையும் விளைவையும் மட்டும் சொல்லுங்க. உங்க குணமே அப்படின்னு ஆரம்பிச்சா சண்டைதான்.

இந்த மாதிரி நடத்தையில நோக்கம் வெளிப்படையாத் தெரியாது. 1999லயே ஆண்டர்சன்னு இன்னொரு ஆராய்ச்சியாளரும், முன்வரிசை சொன்ன அதே பியர்சனும் இதைத்தான் எழுதினாங்க. "நான் சாதாரணமாத்தான் சொன்னேன்"னு அவங்க சுலபமாத் தப்பிப்பாங்க. அதனால ஒரே சம்பவத்தை வச்சு ஹெச்.ஆர். கிட்டப் போனா நிக்காது, தொடர்ச்சியாக் காட்டணும். மிரட்டல், துன்புறுத்தல்னு போனா அது வேற கட்டம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு அதுக்குன்னே 2019ல் 190ஆம் உடன்படிக்கையைக் கொண்டு வந்துச்சு, 2021லேர்ந்து நடைமுறையில இருக்கு. உங்க நாடு அதை ஏத்துக்கிட்டதான்னு பாருங்க. அப்புறம், சாட்சி சொல்ல வேண்டிய நேரத்துல கூட இருந்தவங்க நழுவிடுவாங்க, அதனால அன்னிக்கே ஒரு மெசேஜ் போட்டு...

நைட் டியூட்டி:
அண்ணா, எல்லாம் சரி. ராத்திரி ரெண்டு மணிக்குப் பம்ப் முன்னாடி நிக்கறவளுக்கு நோட்டு எழுத நேரம் ஏது?

வெளியேறியவள்:
இதுவரைக்கும் படிச்சுட்டு மட்டும் இருந்தேன். ரிசைன் பண்ணினப்ப காரணம்கிற கட்டத்துல "குடும்பச் சூழ்நிலை"ன்னு எழுதினேன். எதிர்ல உட்கார்ந்திருந்த ஹெச்.ஆர். மேடத்துக்கும் உண்மை தெரியும். படிச்சுட்டு, நிமிர்ந்து பார்க்காம சீல் வச்சாங்க. எனக்கு முன்னாடி அந்த டீம்லேர்ந்து போனவங்களும் ஏறக்குறைய அதையேதான் எழுதியிருக்காங்கன்னு பின்னாடி தெரிஞ்சுது. ஃபைலைப் பார்த்தா அந்த மேனேஜர் பேர்ல ஒரு புகார்கூட இருக்காது. இங்க யாராவது உண்மையான காரணத்தை எழுதிக் கொடுத்திருக்கீங்களா? எழுதினதால அனுபவச் சான்றிதழ் கிடைக்கறதுல தொந்தரவு வந்துச்சா?