மேல்பிரிவின் 16ஆம் அணியும் கீழ்ப்பிரிவின் 3ஆம் அணியும் மோதும் போட்டிக்குப் பெயர் வேண்டும்

வணக்கம். ஜெர்மனியின் இரண்டாம் பிரிவுக் கால்பந்து லீகில் 2022-23 பருவம் எப்படிப் போனது என்று ஒரு மாணவர் இதழுக்காக மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.

18 அணிகள், அணிக்கு 34 ஆட்டம். முதல் இரண்டு அணிகள் நேராக மேல்பிரிவுக்குப் போய்விடும், கடைசி இரண்டும் கீழே இறங்கும். மூன்றாவதாக வந்த அணி, மேல்பிரிவில் 16ஆவதாக வந்த அணியோடு இரண்டு ஆட்டம் ஆட வேண்டும். இதற்கு ஜெர்மானியர் வைத்த பெயர் 'ரெலெகட்சியோன்'. ஆங்கில வழியில் போனால் 'தரமிறக்கம்' என்று வருகிறது. அதைப் போட்டால், 66 புள்ளியோடு மூன்றாவதாக வந்த ஹாம்பர்க் கீழே இறங்கிவிட்டது என்று பிள்ளைகள் படிப்பார்கள். நல்ல சொல் தாருங்கள்.
— செ.

செ. அவர்களுக்கு, இறங்குவதற்கு ஜெர்மனில் 'அப்ஷ்டீக்' என்று தனிச்சொல் உண்டு. 'ரெலெகட்சியோன்' லத்தீன் வழி வந்தது. ரோமானியர்களின் 'ரெலெகாட்சியோ' என்பது குடியுரிமை பறிக்காத நாடுகடத்தல். கவிஞர் ஓவிட் அப்படித்தான் கருங்கடல் கரைக்கு அனுப்பப்பட்டார். ஆக, முழுதாக வெளியேயும் இல்லை, உள்ளேயும் இல்லை. வீட்டில் வாசற்கதவுக்கும் உட்பகுதிக்கும் நடுவே அப்படி ஓர் இடம் உண்டு, தமிழில் அதற்கு 'இடைகழி' என்று பெயர். முதலாழ்வார் மூவரும் திருக்கோவலூரில் நெருக்கி நின்ற இடம். 'இடைகழி ஆட்டம்' என்றே வையுங்கள்.
— ந.

ஐயா, இடைகழி ரேழியாகி, ரேழியும் இன்றைய வீடுகளில் இல்லாமல் போய்விட்டது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு முதலில் வீட்டை விளக்கி, அப்புறம் ஆட்டத்தை விளக்க வேண்டியிருக்கும். 'பிளே-ஆஃப்' என்றால் ஐபிஎல் பார்க்கிற எல்லோருக்கும் புரியும்.
— மீ.

புரியும், ஆனால் தவறாகப் புரியும். ஐபிஎல்லில் ஒரே லீகின் முதல் நான்கு அணிகள் கோப்பைக்காக ஆடுகின்றன. இங்கே இரண்டு லீகுகள், கோப்பையே கிடையாது. 'தக்கவைப்புப் போட்டி' என்பது என் பரிந்துரை. 2009இல் இந்த முறை திரும்பி வந்ததிலிருந்து 2023 வரை 15 முறை நடந்திருக்கிறது. கீழ்ப்பிரிவு அணி வென்றது மூன்றே முறை: நியூரம்பெர்க், டியூசல்டார்ஃப், யூனியன் பெர்லின். மற்ற எல்லா முறையும் மேலே இருந்த அணி தன் இடத்தைத் தக்கவைத்துக்கொண்டது.
— கு.

கு. சொல்வது மேலே இருப்பவரின் பார்வை. ஹாம்பர்க்கையே பாருங்கள். 2014, 2015 இரண்டிலும் மேலிருந்து ஆடித் தப்பியது. 2022இல் கீழிருந்து ஆடி ஹெர்த்தா பெர்லினிடம் தோற்றது. 2023இல் ஸ்டுட்கார்ட்டிடம் 0-3, 1-3. அதற்கு முன், லீகின் கடைசி நாளான அந்த 2023 மே 28ஐ நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது. ஹாம்பர்க் சாண்ட்ஹவுசனில் வென்ற கையோடு, மேலேறிவிட்டோம் என்று நம்பி அதன் ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்கள். அங்கே ரேகன்ஸ்பர்க்கில் 0-2 என்று பின்தங்கியிருந்த ஹைடன்ஹைம், கூடுதல் நேரத்தில் இரண்டு கோல் அடித்து 3-2 என்று வென்றது. கடைசி கோல் 90+9ஆவது நிமிடத்தில், கிளைன்டீன்ஸ்ட் அடித்தது. முதலிடமே ஹைடன்ஹைமுக்குப் போனது, ஹாம்பர்க் மூன்றாமிடத்தில் நின்றுவிட்டது. அந்த ரசிகர்களுக்குத் 'தக்கவைப்பு' என்று எதைச் சொல்வீர்கள்? இரு பக்கமும் பொருந்தும்படி 'பிரிவிடைப் போட்டி' எனலாம். இடை ஏழாம் வேற்றுமை உருபு, இலக்கணம் இடிக்காது.
— வ.

இலக்கணம் இடிக்காது, இலக்கியம் இடிக்கும். 'பிரிவிடை' என்றதும் சங்கப் பாடல் கூற்றுகளில் தலைவனைப் பிரிந்து வருந்தியிருக்கும் தலைவிதான் நினைவுக்கு வருகிறாள். அப்புறம், 'லீக்' என்பதை யாருமே கேள்வி கேட்கவில்லையே, அது ஏன்? 'கூட்டிணைவு' என்ன ஆயிற்று?
— ந.

'லீக்' இருக்கட்டும் ஐயா, அதை வேறு இழையில் பேசலாம். தலைவியை அறிந்த வாசகர் குழம்ப மாட்டார், அறியாதவருக்குக் குழப்பமே இல்லை. என் ஓட்டும் 'பிரிவிடைப் போட்டி'க்கே.
— மீ.

அனைவருக்கும் நன்றி. மூவர் ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொண்டு 'பிரிவிடைப் போட்டி' என்றே அனுப்புகிறேன். முதல் முறை வரும்போது ஒரு வரி விளக்கமும் சேர்க்கிறேன். இரண்டாம் பிரிவின் 16ஆம் அணியான பீலெஃபெல்ட், மூன்றாம் பிரிவின் வீஸ்பாடனிடம் 0-4, 1-2 என்று தோற்று இறங்கியதே, அதற்கும் இதே சொல் பொருந்துகிறது.
— செ.

மூவரில் என்னைச் சேர்க்க வேண்டாம். பீலெஃபெல்ட் இழந்ததும் தக்கவைக்க வேண்டிய இடத்தைத்தான்.
— கு.