8 மி.மீ. காதுத் துளை: அக்ரிலிக்கும் ஸ்டீலும் ஒத்துக்கொள்ளவில்லை, எதைப் போடுவது?

இடம் கோயம்புத்தூர். இரண்டு காதுத் துளையையும் 6 மி.மீ.யிலிருந்து 8க்குப் பெரிதாக்கி மூன்று வாரம் ஆகிறது. போட்டது அக்ரிலிக் ப்ளக் (துளையில் செருகும் உருளை நகை), இரு முனையிலும் அகன்ற விளிம்பு உள்ளது. புதுத் துளையில் அந்த விளிம்பைத் திணித்ததே தவறு. நான்காம் நாளிலிருந்து அரிப்பு, மஞ்சள் நீர். இடது காதில் துளையின் உள்தோல் பின்பக்கமாகச் சிவந்த வளையம்போல் பிதுங்கி நிற்கிறது. தலையணை பட்டாலே எரிகிறது.

உடனே பழைய 6 மி.மீ. ப்ளக்குக்கு இறங்கினேன். 250 மி.லி. வெதுவெதுப்பான நீரில் கால் டீஸ்பூன் அயோடின் சேர்க்காத உப்பு, தினம் இருவேளை ஒத்தடம். நீர் நின்றது, வளையம் அமுங்கவில்லை. பிறகு கடையில் 'சர்ஜிக்கல் ஸ்டீல்' என்று கொடுத்ததைப் போட்டதும் அரிப்பு திரும்பிவிட்டது. தர எண் எதுவும் இல்லை. கவரிங் கம்மலும் எனக்கு ஒத்துக்கொள்ளாது, அதனால் ஸ்டீலில் கலந்த நிக்கல்தான் காரணம் என்று சந்தேகம். சிலிக்கோன் புண்ணைக் கவ்வும், மரம் ஈரம் குடிக்கும். இரண்டும் ஆறிய துளைக்குத்தான்.

மிஞ்சுவது ஒருபக்க விளிம்புள்ள போரோசிலிகேட் கண்ணாடி, அல்லது ஏஎஸ்டிஎம் எஃப்136 (உடலுக்குள் பொருத்தும் தரம்) டைட்டானியம். வளையம் அமுங்கும்வரை 6 மி.மீ.யில் இந்த இரண்டில் எதைப் போடலாம்?